லூவினா ஒப்பித்த உயில்

டெட்ராய்ட், மிச்சிகன்
பிப்ரவரி 3, 1974

வெர்டிக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். அம்மாவுக்காக எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் ஈஸ்டர் வரைக்கும் என்கிறார். அம்மா அழவில்லை. “என்னை ஊருக்குக் கொண்டு போங்க, குன்று மேல எங்கப்பா பக்கத்துல போடுங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நடந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா உன் பெயருக்கு எழுதிக் கொடுத்த குன்றை நிலக்கரிக் கம்பெனிக்கு நீ விற்றாய். நான் கம்பெனி ஆபீசுக்குப் போன் செய்தேன். பேசியவன் மரியாதையாகத்தான் பேசினான். விற்ற பத்திரத்தில் “எலைஜா சைஸ்மோர் உயிலில் ஒதுக்கிய இடுகாடும் பாதையும் நீங்கலாக” என்று ஒரு வரி இருக்கிறதாம். அந்த உயிலைக் காட்டினால் கேட்டைத் திறப்பார்களாம். காட்டாவிட்டால், இடுகாடு எது, பாதை எது என்று தங்களுக்குத் தெரியாது என்கிறான்.

தாத்தா எலைஜாவின் உயிலை நம்மில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். நீ அங்கேயே இருக்கிறாய். தேடு.

ஹோபர்ட்


பைன் ஃபோர்க், கென்டக்கி
பிப்ரவரி 10, 1974

தம்பி ஹோபர்ட்,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அம்மா நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. நான் வந்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டு எழுது. உன்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்கிறேன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நீதிமன்றம் போனேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்வது டெஸ்ஸி என்கிற பெண். உயில்களுக்கு ஓர் அட்டவணைப் புத்தகம் இருக்கிறது, இறந்தவர் பெயர் வரிசையில். அதில் பெயரைப் பார்த்து, புத்தக எண், பக்க எண் சொன்னால் எடுத்துத் தருவாள். சைஸ்மோர் என்று பதினோரு பேர் இருக்கிறார்கள். எலைஜா இல்லை. எந்த வருஷம் இறந்தார் என்று டெஸ்ஸி கேட்டாள். 1911 என்றேன். அவள் அட்டவணையை மூடிவிட்டாள்.

1913 அக்டோபரில் நீதிமன்றம் எரிந்துவிட்டதாம். அதற்கு முந்தைய உயில், பத்திரம், திருமணப் பதிவு எதுவும் மிஞ்சவில்லை. மரக் கட்டடம், ஒரே காலையில் சாம்பல். “உங்களை மாதிரி மாசத்துக்கு நாலு பேர் வராங்க, இதையே சொல்லித்தான் அனுப்பறேன்” என்றாள். தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். எரிந்தது அங்கே மட்டும் எப்படி இருக்கும்?

இன்னொன்று. நான் குன்றை விற்றேன் என்கிறாய். விற்றேன்தான். உன் மச்சான் எஸ்டிலின் நுரையீரலைச் சுரங்கத் தூசி தின்றுவிட்டது. படுத்து மூச்சு விட முடியாமல் பதினான்கு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். எதற்காக விற்றாய் என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

வெர்டி


டெட்ராய்ட்
பிப்ரவரி 16

வெர்டிக்கு,

மச்சான் அப்படிக் கிடந்தார் என்று எனக்குத் தெரியாது.

எரிந்துவிட்டதை அம்மாவிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அம்மாவுக்கு அது நினைவிருக்கிறது. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நீதிமன்றம் எரிந்த பிறகு, தேவாலயத்தில் நாற்காலி போட்டு நீதிபதி உட்கார்ந்தாராம். மாவட்டத்துச் சனம் முழுக்க வீட்டில் இருந்த காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்களாம், மறுபடியும் எழுதி வைக்க. தாத்தாவின் இரண்டாம் தாரம் லூவினாவும் போனாளாம். அந்தக் குளிர்காலத்தில் அம்மாவையும் தான் பெற்ற மூன்று பையன்களையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தாளாம்.

லூவினாவைப் பற்றி அம்மா சொல்வது உனக்குத் தெரியும். சித்தி என்றுகூடச் சொல்ல மாட்டாள். தாத்தா இறந்ததும் வீட்டையும் ஓடையோர நல்ல நிலத்தையும் தன் பிள்ளைகளுக்கு வளைத்துப் போட்டவள், மூத்தாள் மகளுக்குக் கல்லும் முள்ளுமான குன்றைத் தள்ளிவிட்டவள். “அந்த ரெண்டு நாள்லதான் அவ எல்லாத்தையும் முடிச்சா” என்றாள் அம்மா.

அதனால் இப்படிச் செய். தாத்தா பெயரில் தேடாதே. லூவினா பெயரில் தேடு. என்ன திருடினாளோ அதையாவது எழுதி வைத்திருப்பார்கள்.

அம்மா உன்னை வரச் சொல்கிறாள். முதலில் காகிதத்தோடு வா என்கிறாள்.

ஹோபர்ட்


பைன் ஃபோர்க்
மார்ச் 1

ஹோபர்ட்,

இந்தக் கடிதத்தை முதலில் நீ தனியாகப் படி. பிறகு அம்மாவுக்கு மெதுவாகப் படித்துக் காட்டு.

லூவினா பெயரில் தேட அட்டவணையில் வழியில்லை. அவள் உயில் எழுதவில்லை. ஆனால் தீக்குப் பிறகு தேவாலயத்தில் நடந்ததையெல்லாம் நீதிபதியின் உத்தரவுப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள் என்றாள் டெஸ்ஸி. அதற்கு அட்டவணை கிடையாது. பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் நம் வீட்டு அடுப்பு மூடி அகலம், தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் சமையலறை வேலை முடிந்து அங்கே போய், அடைக்கும் வரை பார்த்தேன். ஒன்பது நாள். டெஸ்ஸி முதலில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காபி கொண்டுவந்து வைத்தாள். ஏழாம் நாள் அவளும் ஒரு புத்தகத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

1914 ஜனவரி, பக்கம் 212. கண்டுபிடித்தது அவள்தான். “அக்கா, இதப் பாருங்க” என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள்.

கீழே இருப்பது நான் பார்த்து எழுதியது. தலைப்பை விட்டுவிட்டேன், மற்றதெல்லாம் உள்ளபடி.

“காலஞ்சென்ற எலைஜா சைஸ்மோரின் விதவை லூவினா சைஸ்மோர் நேரில் வந்து, கணவரின் உயில் தீயில் அழிந்ததாகவும், அதன் வாசகம் தனக்கு மனப்பாடம் என்றும், அதை மறுபடியும் பதிய வேண்டும் என்றும் கேட்கிறாள். உயிலுக்குச் சாட்சியிட்டவர்களில் ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் மிசௌரி போய்விட்டார். வேறு நகல் இல்லை. இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோயில் கிடந்த கணவர் உயிலை மூன்று மாலைகளில் படித்துக் காட்டியதாகவும், தான் கேட்டு மனத்தில் இருத்தியதாகவும் சொல்கிறாள்.

“உயில் இல்லையென்று ஆகிவிட்டால் மறுமணம் செய்தாலும் செய்யாவிட்டாலும் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அவள் அனுபவிக்கலாம் என்றும், குன்று நிலத்திலும் அவள் பெற்ற மூவருக்குப் பங்கு வரும் என்றும் நீதிபதி எடுத்துச் சொன்னார். இது தெரியுமா என்று கேட்டார்.

“‘தெரியுங்க’ என்றாள்.

“தெரிந்தும் ஏன் சொல்கிறாய் என்று கேட்டார்.

“‘அவர் சொன்னது அதுதானுங்க’ என்றாள்.”

ஹோபர்ட், அதற்குக் கீழே உயில். முழு உயிலும் இருக்கிறது. வீடும் ஓடையோர நிலமும் “என் மனைவி லூவினா விதவையாக இருக்கும் வரை மட்டும்” அவளுக்கு, பிறகு அவள் பிள்ளைகளுக்கு. மறுமணம் செய்தால் அன்றே வீட்டை விட்டு இறங்க வேண்டும். இந்த வரியை அவளே சொல்லியிருக்கிறாள். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத வரி அது. மாவு மில்காரர் ஒருவர் லூவினா வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்து, திடீரென்று வருவதை நிறுத்திவிட்டதாக அம்மா சொல்வாளே, நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகும் முப்பத்தேழு வருஷம் அவள் விதவையாகவே இருந்து செத்தாள்.

குன்று முழுவதும் “என் முதல் மனைவியின் மகள் டெல்ஃபியாவுக்கு மட்டும்”. உச்சியில் ஒரு ஏக்கர் இடுகாடு, அதற்கு ஒரு வண்டி போகிற அகலத்தில் பாதை, என்றென்றைக்கும்.

பிறகு எல்லை. படித்தபோது என்னால் நம்ப முடியவில்லை. “ஊற்றுத் தலையில் நிற்கும் பீச் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து முப்பத்தோரு பாகை கிழக்காக நாற்பத்திரண்டு கோல் போய், வெள்ளை ஓக்கைத் தொட்டு, அங்கிருந்து...” இப்படியே பதினேழு திருப்பம். அத்தனை பாகை, அத்தனை கோல் (ஒரு கோல் என்றால் பதினாறரை அடி என்றாள் டெஸ்ஸி). எழுத்தே தெரியாத ஒருத்தி வாயால் சொன்னது. கடைசியில் எழுத்தரின் குறிப்பு: “நீதிபதி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி சொல்லச் சொன்னார். ஒரு வார்த்தை மாறவில்லை.”

புத்தகம் பெரிது, நகல் எடுக்கும் இயந்திரத்தில் அடங்காது. டெஸ்ஸி தட்டச்சு செய்தாள். சான்றிட்ட நகல் என்றால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். அவள் காகிதத்தை வைத்துக்கொள்ள, நான் புத்தகத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். பதினேழு திருப்பமும் படித்து முடித்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. என் கையில் புத்தகம் இருந்தது. லூவினா கையில் எதுவும் இருக்கவில்லை.

முத்திரை வைத்த நகல் என் பைபிளுக்குள் இருக்கிறது. திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிறேன்.

அக்கா


டெட்ராய்ட்
மார்ச் 8

அக்கா,

படித்துக் காட்டினேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமாக்கும் என்று நினைத்தேன். விதவை என்ற வரி வந்தபோது மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன். இன்னொரு முறை கேட்டாள்.

எல்லை வந்தது. “பீச் மரத்தில் தொடங்கி, முப்பத்தோரு பாகை கிழக்காக” என்று படித்துக்கொண்டே வந்தவன் மூச்சு வாங்க ஒரு நொடி நின்றேன். அம்மா சுவரைப் பார்த்தபடியே, “நாப்பத்திரெண்டு கோல், வெள்ளை ஓக்கைத் தொட்டு” என்றாள்.

காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா நிறுத்தவில்லை. அடுத்த திருப்பம், அதற்கடுத்தது, ஒன்பது திருப்பம் வரை சொன்னாள். நான் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். உன் கையெழுத்தில் இருந்தது அப்படியே அம்மா வாயிலிருந்து வந்தது. எழுபது வயதில், மார்ஃபின் மயக்கத்தில். பத்தாவதில் தடுமாறி நின்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பிறகு சொன்னாள். லூவினா சோளத்துக்குக் களை கொத்தும்போதும் சொல்வாளாம், பால் கறக்கும்போதும் சொல்வாளாம். உதடு மட்டும் அசையும், பக்கத்தில் போனால் கேட்கும். தாத்தா இறந்ததிலிருந்து தினமும். தீப்பிடித்த பிறகு இன்னும் அதிகமாக. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நெலத்தை எண்ணறான்னு நெனச்சேண்டா. எப்பப் பிடுங்கலாம்னு எண்ணிக்கிட்டே இருக்கான்னு நெனச்சேன்.”

பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். 1951ல் லூவினா இறந்தபோது, அவள் பிள்ளைகள் ஒஹையோவிலிருந்து வந்து, குன்று மேல் அவள் கணவருக்குப் பக்கத்தில் புதைக்க இடம் கேட்டார்களாம். குன்று அம்மாவுடையது. அம்மா முடியாது என்று சொல்லிவிட்டாளாம். அதனால்தான் லூவினா கீழே தேவாலயத்து மண்ணில் கிடக்கிறாள். நான் அப்போதே இங்கே டெட்ராய்ட்டுக்கு வந்துவிட்டேன். உனக்கு இது தெரியுமா?

ஹோபர்ட்


பைன் ஃபோர்க்
மார்ச் 17

தம்பி,

தெரியும். அப்போது நானும் அம்மா செய்தது சரிதான் என்றேன். அந்தப் பிள்ளைகள் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

கம்பெனிக்காரர் நகலைப் படித்தார், இரண்டு தடவை படித்தார். ஆனால் இது ஒரு அம்மாள் நினைவிலிருந்து சொன்னது, இதில் உள்ள அளவு சரியென்று யார் சொல்வது என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டெஸ்ஸிதான் ஓட்டிஸிடம் போகச் சொன்னாள். ஓட்டிஸ் மாவட்டத்துச் சர்வேயர், அதிகம் பேசாத ஆள்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்த வரையில் இதுதான். எல்லையைக் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தால் கடைசிக் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரே ஒரு பாகையை மாற்றிச் சொல்லியிருந்தாலும், ஒரு கோல் தூரத்தை விட்டிருந்தாலும் சேராது, வாய் பிளந்துகொண்டு நிற்கும். “எழுதி வெச்சதே பாதி சேர்றதில்லம்மா, எழுத்தர் பிழை விட்டுடுவான்” என்றார். நம்பிக்கை வைக்காதே என்று சொல்கிற மாதிரி இருந்தது.

அவர் மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் படித்தேன், அவர் கோணமானியை வைத்துக் கோடு போட்டார். பதினான்கு, பதினைந்து. கோடு எங்கோ விலகிப் போவது போலத் தெரிந்தது. பதினாறில் திரும்பியது. பதினேழாவது கோட்டை இழுத்துப் பென்சிலை எடுத்தார். அது பீச் மரத்தின் புள்ளி மேலேயே போய் நின்றது.

ஓட்டிஸ் இன்னொரு காகிதத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடி போட்டார். மறுபடியும் வந்து சேர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, யார் இந்த அம்மா என்று கேட்டார். சொன்னேன். தரையில் போட்டால் ஒரு எட்டுகூட விலகாது என்றார். நூற்றுப் பத்து ஏக்கரைச் சுற்றி வந்து ஒரு எட்டு, ஹோபர்ட். தீக்குப் பிறகு அந்த மூன்று மாதமும் அவள் வாயைத் தவிர அந்த நிலம் வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு அவரே கம்பெனிக்கு வந்தார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். கேட்டின் சாவி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. வண்டி அகலப் பாதையை அவர்கள் ஆளே சுத்தம் செய்து கொடுக்கிறார்கள்.

அம்மாவிடம் சொல். இடம் இருக்கிறது, நான் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்.

அக்கா


டெட்ராய்ட்
மார்ச் 20

அக்கா,

நீ புறப்படும் முன் இது கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன்.

சாவி கிடைத்ததைச் சொன்னேன். அம்மா உன்னைப் புகழ்ந்தாள், ஓட்டிஸுக்கும் அந்த டெஸ்ஸிப் பெண்ணுக்கும் நன்றி சொல்லச் சொன்னாள். பிறகு, தான் அங்கே போகப் போவதில்லை என்றாள்.

ஏன் என்று கேட்டேன். “மேல எங்கப்பனும் ஆத்தாளும் ரெண்டு பேரா இருக்காங்க. கீழ அவ ஒருத்தியா கிடக்கறா. என்னைக் கீழ போடு” என்றாள். அக்கா அவ்வளவு பாடுபட்டு வாங்கிய இடமாயிற்றே என்றேன். “அது என் எடம்னு தெரிஞ்சிருச்சில்ல, அது போதும்” என்றாள்.

இத்தனை வருஷமாய் கசப்போடு சொல்லி வந்த பெயரை இப்போது வேறு விதமாகச் சொல்கிறாள். நேற்று விடிந்ததும் “சித்தி பக்கத்துல எடம் இருக்குமா, பாத்தியா” என்று கேட்டாள். சித்தி என்று அம்மா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வரும்போது அந்தத் தேவாலயத்து ஆளிடம் விசாரித்துக்கொண்டு வா.

தம்பி


டெட்ராய்ட்
ஏப்ரல் 23

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த சோள ரொட்டி ஒஹையோ எல்லைக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

அம்மாவைச் சித்தி பக்கத்தில் மண்ணில் இறக்கிய மறுநாள் நாம் இருவரும் சாவியை எடுத்துக்கொண்டு குன்றேறினோமே, அப்போது உன்னிடம் சொல்ல வேண்டும் என்று வந்த வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிட்டது. இங்கே எழுதுகிறேன். மச்சானுக்காக நீ விற்றது சரி. எட்டு வருஷம் நான் எழுதாமல் இருந்தது தப்பு. ஒரு வார்த்தை கேட்காமலே முடிவு கட்டிவிட்டேன். நம் வீட்டில் அது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது போல.

வரும் வழியில் வீட்டாரைக் காரில் உட்கார வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குள் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. டெஸ்ஸி என் முகத்தைப் பார்த்ததும் யாரென்று கேட்காமலே புத்தகத்தை எடுத்து வந்து 212ஐத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

இருபத்தேழு வருஷமாகக் கார் தொழிற்சாலையில் நிற்கிறேன். வீடு அளவுக்கு அச்சுகள் இறங்கி ஒரே அடியில் இரும்பை மடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் தொப்பியை எடுக்கத் தோன்றியதில்லை. இங்கே என் கை தானாகவே தொப்பியை எடுத்தது.

தலைப்பை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய் அல்லவா? அதில் அவள் வயது இருக்கிறது. நான் எப்போதும் லூவினா என்றால் ஒரு கிழவியைத்தான் நினைத்திருக்கிறேன். இருபத்தாறு என்று போட்டிருக்கிறது. என் மகள் ரூத்துக்கு இருபத்தாறு. வெளியே காரில் உட்கார்ந்து, ரேடியோவில் நல்ல ஸ்டேஷன் வரவில்லை என்று சலித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதில் அவள் போட்ட பெருக்கல் குறி. அதை எழுத்தர் போடவில்லை, அவளே போட்டிருக்கிறாள். பேனா பிடித்துப் பழக்கமில்லாத கை, அழுத்திப் போட்டிருக்கிறது. தாளைப் புரட்டிப் பின்பக்கத்தை விரலால் தடவினேன். அறுபது வருஷம் ஆகிவிட்டது. அந்த இரண்டு கோடும் இன்னும் மேடாகக் கையில் தட்டுகிறது.

ஹோபர்ட்